நுனிக்காலும் ஓராண்டுக் காத்திருப்பும்

அக்கா மகளுக்கு அப்போது 11 வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. லண்டனின் புறநகர் ஒன்றில், தேவாலயத்தை ஒட்டிய மரத்தளக் கூடத்தில் நடக்கும் பாலே வகுப்பிலிருந்து அவளை அழைத்துவரச் சென்றிருந்தேன். வழக்கமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருபவள், அன்று பேருந்து நிறுத்தம் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போதுதான் அழுகை வெடித்தது. அவளுடைய வகுப்பில் மூன்று சிறுமிகளுக்கு அன்று பாயின்ட் காலணி வாங்கிக்கொள்ள ஆசிரியை அனுமதி கொடுத்திருந்தார். இவளிடம் அவர் சொன்னது, "இன்னும் இல்லை" என்பது மட்டுமே.

பாலே நடனத்தை ஒளிப்படங்களில் மட்டுமே பார்த்தவர்களுக்கும் அந்தக் காட்சி பழக்கமானதாகவே இருக்கும். வெண்ணிற உடையணிந்த நடனமணி ஒருத்தி கால்விரல்களின் நுனியில் மட்டும் நிற்கிறாள். பிரெஞ்சு மொழியில் இதைப் 'புவான்த்' என்பார்கள். ஆங்கிலம் பேசும் ஊர்களில் 'பாயின்ட்'. பாலே வகுப்பில் சேரும் சிறுமிகளில் பலரும் இந்த ஒரு நிலையைக் கனவில் வைத்துக்கொண்டுதான் சேருகிறார்கள். மெல்லிய தோல் காலணியுடன் ஆண்டுக்கணக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிரும் பயிற்சியைச் சலிக்காமல் செய்ய வைப்பதும் அந்தக் கனவே. எனவே அந்தச் சிறுமியின் அழுகையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா கொதித்துப் போனாள். "இவளுக்குத்தான் பாதம் எல்லாரையும் விட நல்லா வளையுது. அவங்களுக்கு வேற ஏதோ மனசுல இருக்கு" என்றாள். நிறத்தை நினைத்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது. இரண்டு பேருந்து நிறுத்தங்கள் தள்ளி இன்னொரு பள்ளி இருந்தது. அங்கே அந்தப் படிநிலையை முடித்த அத்தனை பேருக்கும் காலணி உண்டு. யாரையும் காக்கவைப்பதில்லை என்று கேள்வி. அங்கே மாற்றிவிடலாம் என்று அக்கா சொன்னபோது நானும் தலையசைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் சிறுவயதில் பரதம் கற்றவள் அக்கா. சலங்கை கட்டுவதற்காகத் தான் காத்திருந்த நாட்களை அவள் அன்று நினைத்துப் பார்க்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

இப்போது என் கருத்து முற்றிலும் மாறிவிட்டது. அந்த ஆசிரியை அவளுக்குச் செய்த ஆகப்பெரிய நன்மை அந்த மறுப்புதான் என்று நினைக்கிறேன். நுனிக்கால் நடனத்தின் வரலாற்றையும் அந்தக் காலணியின் உள்ளமைப்பையும் கொஞ்சம் அறிந்துகொண்ட பிறகு உருவான கருத்து இது. ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1832ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே அரங்கேறியது. காற்றில் வாழும் தேவதையாக அதில் ஆடியவர் மரி தாக்லியோனி. நுனிக்காலில் நின்ற முதல் பெண் அவரல்ல. 1820களில் வியன்னாவில் அமாலியா புருக்னோலி போன்றவர்கள் அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஆனால் அது கழைக்கூத்தைப் போல ஒரு சாகசமாக இருந்தது. கைகளை உயர்த்தி உந்தி எழும் முயற்சி பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது. தாக்லியோனியிடம் முயற்சி மறைந்தது. தேவதைக்குப் பாரம் கிடையாது என்பதைச் சொல்லும் மொழியாக நுனிக்கால் மாறியது அவரிடத்தில்தான்.

அந்தப் பாரமின்மை எங்கிருந்து வந்தது? 1822இல் வியன்னாவில் முதன்முறையாக மேடையேறும் முன், அவருடைய தந்தையும் ஆசிரியருமான ஃபிலிப்போ தாக்லியோனி, ஆறு மாத காலம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அவரைப் பயிற்சி செய்ய வைத்தார். ஒரு நிலையை எடுத்தால் நூறு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். அவர் அணிந்த காலணியோ இன்றைய காலணியைப் போன்றதே அல்ல. மெல்லிய சாட்டின் துணி, தோல் அடிப்பகுதி, வடிவம் குலையாமலிருக்கப் பக்கவாட்டிலும் விரல்களின் அடியிலும் நெருக்கமாகப் போட்ட தையல். அவ்வளவுதான். அவரைத் தாங்கியவை அவருடைய தசைகள்.

ரசிகர்கள் பார்த்ததோ காலணியை. 1842இல் அவர் ரஷ்யாவை விட்டுப் புறப்பட்டபோது, அவருடைய காலணி ஒரு சோடியை விலைக்கு வாங்கி, சமைத்து, குழம்பு ஊற்றி உண்டார்கள் சில ரசிகர்கள் என்று ஒரு கதை பாலே வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. உண்மையோ கட்டுக்கதையோ, இன்றுவரை நாம் செய்துவரும் பிழையை அது சரியாகவே படம்பிடிக்கிறது. ஆறு மாத காலம் நூறு நூறாக எண்ணியதை யாராலும் விலைக்கு வாங்க முடியாது. காலணியை வாங்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய நடனமணிகள் இன்னும் விறைப்பான, முனை சற்றுத் தட்டையான காலணிகளுடன் ரஷ்யாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான பியரீனா லென்யானி, 1893இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒற்றைக்காலில் எழுந்தும் இறங்கியும் தொடர்ந்து 32 சுழற்சிகளைச் செய்துகாட்டினார். 1895இல் 'அன்னப் பறவைகளின் ஏரி' பாலேயிலும் அது இடம்பெற்றது. காலணி விறைக்க விறைக்க நடனத்தின் சாத்தியங்கள் விரிந்தன. கூடவே ஒரு மயக்கமும் வளர்ந்தது. நடனமணியைக் காலணிதான் தாங்குகிறது என்ற மயக்கம்.

அந்தக் காலணிக்குள் மரக்கட்டை இருக்கிறது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். மரமுமில்லை, இரும்புமில்லை. மரபான முறையில் செய்யப்படும் காலணியில் விரல்களைச் சூழும் கூடு, துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, உலர்த்தி இறுக்கியது. பாதத்தின் அடியில் ஓர் அட்டைத் தண்டு. மேலே சாட்டின். 1929இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஃப்ரீட் நிறுவனத்தில் இன்றும் கைவினைஞர்கள் உட்புறம் வெளியே தெரியும்படி காலணியைத் தைத்துப் பிறகு திருப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை உண்டு. கிரீடம், மீன், மணி, நங்கூரம் என்று. செய்தவரின் பெயரை அறியாமலே அவருடைய முத்திரையை ஆண்டுக்கணக்கில் கேட்டு வாங்கும் நடனமணிகள் இருக்கிறார்கள். இத்தனை கவனத்துடன் செய்யப்பட்ட ஒரு சோடி, கடினமான பாத்திரம் என்றால் ஒரே இரவில் தளர்ந்து உயிர்விட்டுவிடும். பசையும் காகிதமும் வியர்வைக்கு எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்?

காலணியின் முனை தீப்பெட்டியின் மேற்பரப்பைவிடச் சிறியது. முழு உடலும் அதன்மேல் நிற்க வேண்டுமானால் கணுக்கால், முழங்கால், இடுப்பு, முதுகு எல்லாம் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். கணுக்கால் உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்தால் தசைநார் விலை கொடுக்கிறது. பாதம் போதிய அளவு நீளாவிட்டால் முழங்கால் மடங்குகிறது. மிகையாக நீண்டால் உடல் காலணிக்கு முன்னால் சரிகிறது. பாதத்தின் இரண்டாவது நீளெலும்பில் அழுத்த முறிவு பாலே நடனமணிகளிடம் மருத்துவர்கள் நன்கறிந்த காயம். 12 வயதில் எலும்புகள் வளர்ந்து முடிந்திருப்பதும் இல்லை.

எனில் எப்போது தொடங்கலாம்? நடன மருத்துவத்துக்கும் அறிவியலுக்குமான பன்னாட்டுச் சங்கத்தின் சார்பில் 2009இல் வெளிவந்த வழிகாட்டுதல்கள் 12 வயதுக்கு முன் வேண்டாம் என்கின்றன. ஆனால் 12 வயது ஆகிவிட்டால் தயார் என்று அவை சொல்வதில்லை. வாரம் ஒருமுறை மட்டும் வகுப்புக்கு வருபவர்களை அவை ஊக்குவிப்பதில்லை. எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கி, வாரம் இருமுறை வருபவர்களுக்கு நான்காம் ஆண்டில் தொடங்கலாம் என்கின்றன. பாதமும் கணுக்காலும் வலுவற்றிருந்தால் முதலில் வலுப்படுத்த வேண்டும். சில இடங்களில் சோதனைகளும் வைக்கிறார்கள். ஒற்றைக்காலில் நின்று உடலைத் தரைக்கு இணையாக முன்சாய்த்து, முழங்காலை மடக்கிக் கைகளால் தரையைத் தொட்டு மீள வேண்டும். ஒற்றைக்காலில் தொடர்ந்து 16 முறை குதிக்க வேண்டும். இடுப்பு ஆடக் கூடாது, பாதம் உட்புறம் சரியக் கூடாது. பிறந்தநாளைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதே இவற்றின் சாரம்.

அக்கா பெருமைப்பட்ட வளைந்த பாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ருக்மிணி தேவி அருண்டேலின் வரலாற்றின் வழியாக நமக்கு அறிமுகமான அன்னா பாவ்லோவாவின் பாதங்கள் அப்படித்தான் இருந்தன. மிக உயர்ந்த வளைவு. பார்க்க அழகு, ஆனால் நுனியில் நிற்கும்போது பாரம் முழுவதும் கட்டைவிரலில் இறங்கும். அதற்காக அவர் தன் காலணியின் அடியைக் கூடுதலாக விறைப்பாக்கி, முனையைத் தட்டையாக்கிக்கொண்டார். அது ஏமாற்று என்று அன்று சிலர் முணுமுணுத்ததும் உண்டு. எளிதில் வளையும் பாதத்துக்குத்தான் அதிக வலு தேவை. ஆசிரியை அக்காவை அழைத்துப் பேசியபோது சொன்னதும் அதுவே. "இவளுடைய பாதம் போக விரும்பும் இடத்தில் அதை நிறுத்திவைக்கும் தசை இன்னும் வரவில்லை." நாங்கள் தகுதி என்று நினைத்திருந்தது உண்மையில் ஆபத்தாக இருந்தது.

நுனிக்காலைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு வகையாகத் தவறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் வகையினருக்கு அந்த மிதப்பு மட்டுமே தெரியும். காலணி அவர்களுக்கு ஒரு பரிசுப்பொருள். பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாம், அணியவைத்துப் படமெடுக்கலாம். அத்தனை பேருக்கும் காலணி தரும் பள்ளிகள் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. இரண்டாம் வகையினர் தங்களை விவரம் தெரிந்தவர்களாக எண்ணிக்கொள்பவர்கள். சாட்டினுக்குள் இருக்கும் கொப்புளங்களையும், நகம் பெயர்ந்த விரல்களையும், இரத்தக் கறையையும் படமாகப் பகிர்ந்து, இதுவே கலையின் விலை என்று உருகுவார்கள். ஆண்டர்சனின் சிவப்புக் காலணிக் கதையும், அதை வைத்து 1948இல் எடுக்கப்பட்ட திரைப்படமும், கலை ஒருத்தியைத் தின்றுவிடும் என்ற எண்ணத்துக்கு அழகிய வடிவம் கொடுத்துவிட்டன.

இரண்டாம் வகையினரிடம்தான் எனக்கு அதிக வருத்தம். முதல் வகையினரின் பிழை அறியாமை. இவர்களுடையது வலியை வழிபடுவது. கொப்புளம் வராமல் இருக்காது. புதிய காலணி பழகும்வரை விரல்கள் நோகவே செய்யும். ஆனால் கூர்மையான வலி உடல் அனுப்பும் செய்தி. அளவு தவறான காலணி, சரிந்த கணுக்கால், போதாத வலு என்று ஏதோ ஒன்றை அது சொல்கிறது. அந்தச் செய்தியைப் பதக்கமாக அணிந்துகொள்ளும்படி ஒரு சிறுமிக்குக் கற்பித்தால், நிறுத்தச் சொல்லி உடல் கேட்கும்போதும் அவள் ஆடிக்கொண்டிருப்பாள். மிதப்புக்கும் குருதிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது பார்க்கச் சுவாரசியமற்றது. கம்பியருகே மெல்ல எழுந்து மெல்ல இறங்கும் ஆயிரமாயிரம் தடவைகள். அதைப் படமெடுப்பவர் குறைவு.

எட்கர் தெகா அதைச் செய்தார் என்பதால்தான் அவருடைய 'பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி' எனக்கு முக்கியமாகப் படுகிறது. மெழுகால் செய்து, மெய்யான துணிப்பாவாடையும் முடிநாடாவும் அணிவித்து 1881இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்ட சிலை அது. அவள் நுனிக்காலில் நிற்கவில்லை. இரு பாதங்களும் தரையில் பதிய, கைகளைப் பின்னால் கோத்து, முகத்தை உயர்த்தி நிற்கிறாள். அன்றைய விமர்சகர்கள் பலர் அவளை அவலட்சணம் என்றார்கள். மேடையில் தேவதைகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, பயிற்சிக்கு நடுவே நிற்கும் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள் உறுத்தலாக இருந்தாள். மரி வான் கோதெம் என்ற அந்தச் சிறுமியை, வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை என்று 1882இல் பாரிஸ் ஓபரா நீக்கிவிட்டது. சிலையின் வெண்கல வார்ப்புகள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சிறுமி என்ன ஆனாள் என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றை மறைக்க விரும்பவில்லை. அமெரிக்க நடனமணி மிஸ்டி கோப்லாண்ட் 13 வயதில்தான் பாலே கற்கத் தொடங்கினார். மூன்றே மாதங்களில் நுனிக்காலில் நின்றார். 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனமணியானார். அந்த நிறுவனத்தில் அந்த இடத்தை அடைந்த முதல் கறுப்பினப் பெண் அவரே. விதிகளை மட்டும் பார்த்திருந்தால் அவரைத் தடுத்திருப்பார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய ஆசிரியை பார்த்தது அவருடைய உடலை, நாட்காட்டியை அல்ல. அவர்மீது காட்டப்பட்ட தனிக்கவனத்தை விட்டுவிட்டு அந்த மூன்று மாதங்களை மட்டும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. "இன்னும் இல்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் பாலே பலரை வெளியே நிறுத்தியிருக்கிறது. எடை, உயரம், தோலின் நிறம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டதுண்டு. தோல் நிறக் காலணி என்றால் நெடுங்காலம் வெளிறிய இளஞ்சிவப்பு மட்டுமே. கறுத்த நடனமணிகள் முகப்பூச்சைத் தடவித் தங்கள் காலணிகளுக்கு நிறமேற்றிக்கொண்டார்கள். பாலே பிளாக் என்ற நடனக் குழுவுடன் சேர்ந்து ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளைக் கொண்டுவந்தது 2018இல்தான். எனவே அக்காவின் சந்தேகத்தை நான் அபத்தம் என்று ஒதுக்கமாட்டேன்.

நேர்மையான மறுப்பை எப்படி இனங்காண்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதனுடன் ஒரு வேலைப்பட்டியல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவளுக்கு வந்தது. விரல்களை மடக்காமல் உள்ளங்காலின் வளைவை மட்டும் உயர்த்துவது. முழங்கால் நேராக இருக்க ஒற்றைக்காலில் மெல்ல எழுந்து, எழுந்ததைவிட மெல்ல இறங்குவது. கண்களை மூடி ஒற்றைக்காலில் நிற்பது. தினமும் பத்து நிமிடம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆசிரியை பார்த்துக் குறித்துக்கொள்வார். நாங்கள் பள்ளியை மாற்றவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஞானமல்ல. அந்தப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டியவள் அந்தச் சிறுமிதான்.

மறு ஆண்டு நான் மீண்டும் லண்டன் சென்றபோது அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. காலணி வாங்க நானும் உடன் சென்றேன். கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஏழெட்டுச் சோடிகளை அணிவித்து, நிற்கச் சொல்லி, குதிகாலில் துணி எவ்வளவு கையில் வருகிறது என்று கிள்ளிப் பார்த்தார் விற்பனைப் பெண். வளரும் பிள்ளை, அரை அளவு பெரிதாக இருக்கட்டுமே என்றாள் அக்கா. கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். காலணிக்குள் பாதம் நழுவினால் அதுவே விபத்து. இடது வலது பேதமற்ற இரண்டு காலணிகள், நாடாக்கள் தைக்கப்படாமல் தனியே. அவற்றை அணிபவளே தைக்க வேண்டும் என்பது மரபு. அக்கா ஊசியை எடுத்தாள், மகள் பிடுங்கிக்கொண்டாள். கோணலாகத் தைத்ததை ஆசிரியை பிரித்துப் போட்டு, மறுபடி தைத்துவரச் சொன்னார்.

முதல் வகுப்பைக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு மணி நேரம் வழக்கமான மென்காலணியில் பயிற்சி. கடைசிப் பதினைந்து நிமிடங்கள் மட்டும் பாயின்ட். கம்பியை நோக்கி நின்று இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இரு கால்களிலும் எழுந்து, இறங்கினார்கள். திரும்பவும் அதையே செய்தார்கள். எழுவதைவிட இறங்குவதைத்தான் ஆசிரியை திருத்திக்கொண்டிருந்தார். தொப்பென்று விழாமல், பாதத்தின் ஒவ்வொரு பகுதியாகத் தரைக்குத் திரும்ப வேண்டும். இசைகூட இல்லை, எண்ணிக்கை மட்டும். மிதப்பு எதுவும் தென்படவில்லை. மூக்கு நுனியில் வியர்வையும் இறுகக் கடித்த உதடும்தான் தெரிந்தன.

பேருந்தில் கேட்டேன், எப்படி இருந்தது என்று. சற்று யோசித்தாள்.

"ஷூ நம்மளத் தூக்கும்னு நெனச்சேன் சித்தி. நாமதான் ஷூவத் தூக்கணும்."

பின்னர் விசாரித்தபோது, காலணிக்குள் அமர்ந்துவிடாமல் அதிலிருந்து மேலெழ வேண்டும் என்பது நுனிக்கால் பயிற்சியின் அடிப்படைப் பாடம் என்று தெரிந்தது. அவள் அதை ஒரே வகுப்பில் உணர்ந்துகொண்டதற்கு அந்தப் பத்து நிமிடங்களின் ஓராண்டுதான் காரணம். முந்தைய ஆண்டே காலணி கிடைத்திருந்தால், அது அவளைத் தூக்கும் என்று நம்பி அதற்குள் அமர்ந்திருப்பாள். சில காலம் அது தூக்கியும் இருக்கும்.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாதங்களாகிவிட்டன. சென்ற வாரம் தொலைபேசியில், கம்பியை விட்டுவிட்டு நிற்க எப்போது விடுவார்கள் என்று கேட்டேன்.

"மிஸ் இன்னும் இல்லைன்னாங்க சித்தி" என்றாள். இம்முறை குரலில் அழுகை இல்லை. புதிய வேலைப்பட்டியல் ஒன்றை வாசித்துக் காட்டத் தொடங்கிவிட்டாள்.